முகராசிக்கு விழும் ஓட்டு

சுவிட்சர்லாந்தில் சிறுவர் சிறுமியருக்கு ஒரு கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். டிராய் நகரிலிருந்து இதாகா தீவுக்குக் கடல் வழியாகப் போய்ச் சேர வேண்டும். ஆடி முடித்த பிறகு, முன்பின் தெரியாத இரண்டு பேரின் முகப்படங்களைக் காட்டி, இனி நிஜமாகவே கப்பல் ஏறப்போகிறாய் என்றால் இவர்களில் யாரை கேப்டனாக வைத்துக்கொள்வாய் என்று கேட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளை முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளை வரை எல்லாரும் ஒருவரைத் தேர்ந்தார்கள். அந்த முகங்கள் 2002ஆம் ஆண்டு பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஒரே தொகுதியில் மோதிக்கொண்ட இரு வேட்பாளர்களுடையவை. ஒருவர் வென்றவர், மற்றவர் தோற்றவர். பிள்ளைகள் கேப்டனாக்கிய முகத்தை வைத்தே வென்றவர் யார் என்பதை நூற்றுக்கு 71 தடவை சரியாகச் சொல்லிவிட முடிந்தது. அதே படங்களைப் பெரியவர்களிடம் காட்டியபோதும் ஏறக்குறைய அதே கணக்குதான் வந்தது. ஜான் அன்டோனாகிஸ், ஓலாஃப் டால்காஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் 'சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கட்சி தெரியாது, கொள்கை தெரியாது. ஒரு தேசத்தின் வாக்காளர்கள் மாதக்கணக்கில் கூட்டம் கேட்டு, செய்தி படித்து, விவாதம் பண்ணி எடுத்த முடிவோடு பிள்ளைகளின் சுட்டுவிரல் இவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்பதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் 'முகராசி' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ராசி எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் இருபது ஆண்டுகளாகத் துருவிப் பார்த்துவருகிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டோடோரோவ் குழு 2005இல் தொடங்கி வைத்தது. அமெரிக்க செனட் தேர்தலில் போட்டியிட்ட இருவரின் படங்களைக் கண நேரம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். திறமைசாலியாகத் தெரிந்தவர்தான் பத்தில் ஏழு போட்டிகளில் வென்றிருந்தார். அடுத்த ஆண்டு வந்த ஆய்வில், ஒரு முகம் நம்பத்தக்கதா என்று தீர்மானிக்க மனித மனத்துக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும் என்று தெரிந்தது. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின் மேல் இருந்த உறுதி மட்டும் கூடியது. மெக்சிகோ, பிரேசில் வேட்பாளர்களின் படங்களை அமெரிக்கர்களிடமும் இந்தியர்களிடமும் காட்டிய ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. இரு நாட்டாரும் பெரும்பாலும் ஒரே முகங்களைத்தான் தேர்ந்தார்கள். அந்த முகங்கள்தான் தத்தம் நாட்டில் ஓட்டும் அதிகம் வாங்கியிருந்தன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஜெயிக்கும் தொகுதிகளுக்கு எடுப்பான ஆட்களைக் கட்சிகளே நிறுத்துகின்றன என்றால் முகத்துக்கும் வெற்றிக்கும் உள்ள தொடர்பு தானாக வந்துவிடும். வாக்காளர் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அமெரிக்க வாக்காளர்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வில், அரசியல் விவரம் குறைவாகத் தெரிந்து, தொலைக்காட்சி அதிகம் பார்ப்பவர்களிடம்தான் முகத்தின் இழுப்பு மிகவும் கூடுதலாகத் தெரிந்தது. விவரம் குறையும் இடத்தை முகம் வந்து நிரப்புகிறது. டோடோரோவின் பிந்தைய ஆய்வுகள் இதன் பொறியையும் காட்டின. சும்மா இருக்கும்போதே உதட்டோரம் சற்று மேல்நோக்கி அமைந்த முகம் சிரிக்கும் முகத்தின் சாயலில் இருக்கிறது, அதை நம்பிவிடுகிறோம். புருவம் தாழ்ந்து உதட்டோரம் இறங்கிய முகம் கோபத்தின் சாயலில் இருக்கிறது, விலகுகிறோம். எதிரில் இருப்பவர் இந்த நிமிடம் கோபமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க உதவும் திறனை, இவர் ஐந்து ஆண்டுகள் அரசுப் பணத்தைக் கையாளத் தகுந்தவரா என்ற கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்கிறோம். எலும்பு அமைப்பையும் தசை அமைப்பையும் குணம் என்று வாசித்துவிடுகிறோம்.

முகத்தில் ஏதோ உண்மை இருக்கத்தான் செய்கிறது என்று வாதாடுபவர்களுக்கும் ஒரு சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2018இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற அரசியல்வாதிகளின் படங்களையும் குற்றம் எதுவும் பதியாதவர்களின் படங்களையும் கலந்து காட்டினார்கள். யார் எவர் என்று தெரியாமலேயே, தண்டனை பெற்றவர்களைப் பார்வையாளர்கள் 'லஞ்சம் வாங்கக்கூடியவர்' பக்கம் அதிகமாகத் தள்ளினார்கள். பார்த்தவுடன் இதுதான் ஆதாரம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்று யோசிக்க வேண்டும். ஒருவர் முகத்தைப் பார்த்தால் வாங்குவார் என்று தோன்றினால் பை எடுத்துவருபவர்கள் அவரிடம்தான் முதலில் போவார்கள். புலனாய்வு அதிகாரிக்கும் நடுவருக்கும் அதே கண்கள்தான். சந்தேகமும் அந்த முகத்தின் மேல்தான் முதலில் விழும். சாந்தமான முகம் உள்ளவர் அதே காரியத்தைச் செய்துவிட்டுப் பட்டியலுக்கு வெளியே நிம்மதியாக இருக்கலாம். ஆய்வாளர்களே இந்தச் சாத்தியங்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்த ஆய்வு குணத்தைப் பற்றிச் சொல்வதைவிட, சமூகம் யாரை ஏற்கெனவே சந்தேகிக்கிறது என்பதைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது என் கணிப்பு.

முகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா 1920இல் விலை கொடுத்தது. ஒஹாயோ மாநிலத்து செனட்டர் வாரன் ஹார்டிங் ஜனாதிபதி என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லத்தக்க தோற்றம் உடையவர், கணீரென்ற குரல். அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 60 சதவீத வாக்குகள் அவருக்கு விழுந்தன. அவர் உள்துறைச் செயலராக்கிய ஆல்பர்ட் ஃபால், வயோமிங்கின் டீபாட் டோம் உள்ளிட்ட கடற்படை எண்ணெய் வயல்களை ஏலம் விடாமல் ரகசியமாகத் தனியாருக்குக் குத்தகை கொடுத்தார். கைமாறிய பணத்தில் ஒரு லட்சம் டாலர் ஒரு சிறிய கறுப்புப் பையில் வந்தது. அமைச்சர் பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போன முதல் அமெரிக்கர் அவர்தான். முன்னாள் படைவீரர் நலத்துறையின் தலைவரும் மோசடிக்காக உள்ளே போனார். ஹார்டிங் தம் கையால் லஞ்சம் வாங்கியதாக நிரூபணம் இல்லை. பழகுவதற்கு இனிமையான சகாக்களை அவர் நம்பினார், அவரை வாக்காளர்கள் நம்பினார்கள். ஒரே தவறு இரண்டு படிகளில் நடந்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? விடைக்கு வெகுதூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஆண்டு 921. குடவோலைத் தேர்தல் என்று பாடப்புத்தகத்தில் படித்தது பலருக்கு நினைவிருக்கும். ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலும் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, எழுத்து அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெருமையாகச் சொல்லப்படுவது அந்தக் குடம்தான். நான் பார்க்கச் சொல்வது அதற்கு முந்தைய வரிகளை. முன்பு வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய நெருங்கிய உறவினர் ஆகியோரின் பெயர் ஓலையிலேயே ஏறக் கூடாது. நிலம் இல்லாதவர்களையும் வேதம் கல்லாதவர்களையும் பெண்களையும் அந்த முறை வெளியே நிறுத்தியது. அதை ஜனநாயகம் என்று மார்தட்டிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் நம்பிக்கையைச் சோதிக்க அவர்கள் பிடித்த அளவுகோல் சரியானது. இவர் நல்லவரா என்ற கேள்விக்கு வெளியில் இருப்பவர்களால் விடை சொல்ல முடியாது. இவர் கையில் முன்பு ஊர்ப் பணம் இருந்தபோது கணக்கு ஒப்படைத்தாரா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே விடை. இன்னொன்றும் உண்டு: சுவிஸ் பிள்ளைகளிடம் முகத்தைக் காட்டினார்கள், உத்திரமேரூர்ப் பிள்ளையிடம் எதையுமே காட்டவில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து பிரேசில் இதே இரண்டையும், குலுக்கலையும் கணக்கையும், வேறொரு விதத்தில் சேர்த்தது. 2003 முதல் அந்நாட்டு மத்திய அரசு லாட்டரி குலுக்கி நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்தது. பெயர் வந்த ஊருக்குத் தணிக்கைக் குழு நேரில் போகும். மத்திய நிதியில் கட்டியதாகச் சொல்லும் பள்ளி இருக்கிறதா, வாங்கியதாகச் சொல்லும் மருந்து வந்ததா என்று பார்க்கும். அறிக்கையைப் பொதுவில் வெளியிடும். 2004 தேர்தலுக்கு முன் அறிக்கை வந்த ஊர்களையும் தேர்தலுக்குப் பின் வந்த ஊர்களையும் கிளாடியோ ஃபெராஸ், ஃபிரெடரிகோ ஃபினான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒப்பிட்டார்கள். எந்த ஊர் முன், எந்த ஊர் பின் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது என்பதால் ஒப்பீடு சுத்தமானது. இரண்டு முறைகேடுகள் வெளியான மேயர் மறுபடி வெல்லும் வாய்ப்பு 7 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. உள்ளூர் வானொலி நிலையம் இருந்த ஊர்களில் அடி இன்னும் பலமாக விழுந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வானொலி இருந்த ஊரில் முறைகேடு இல்லை என்று அறிக்கை வந்த மேயருக்கு ஆதரவு கூடியது. யோக்கியர் என்று ஆதாரத்தோடு தெரிந்தால் அதற்கு ஓட்டு விழுகிறது.

இதை வைத்துக்கொண்டு தகவல் கொடுத்தால் போதும், மக்கள் திருந்திவிடுவார்கள் என்று முடித்துவிட ஆசைதான், சான்று அனுமதிக்கவில்லை. பெனின், பிரேசில், புர்கினா ஃபாசோ, மெக்சிகோ, உகாண்டா ஆகிய நாடுகளில் ஒரே திட்டத்தின் கீழ் சோதனைகளை நடத்தி, 2019இல் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பதவியில் இருப்பவரின் செயல்பாட்டை வாக்காளர்களிடம் தனித்தனியாகச் சொன்னதால் ஓட்டு மாறியதா என்று பார்த்தால், சராசரியாக மாறவே இல்லை. மெக்சிகோவில் முன்பு நடந்த இன்னொரு சோதனை அதைவிடக் கசப்பானது. மேயரின் ஊழலை வீடு வீடாகத் துண்டறிக்கையில் சொன்னபோது அவருக்கு ஓட்டு குறைந்தது, எதிர்த்து நின்றவருக்கும் ஓட்டு குறைந்தது. எல்லாரும் ஒன்றுதான் என்று மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஆனால் 2008 டெல்லி சட்டமன்றத் தேர்தலுக்கு முன் அங்குள்ள குடிசைப் பகுதிகளில் நடந்த சோதனை வேறு மாதிரி முடிந்தது. தொகுதி எம்.எல்.ஏ.வின் செயல்பாட்டையும் மற்ற முக்கிய வேட்பாளர்களின் தகுதிகளையும் மதிப்பெண் அட்டைபோல அச்சிட்ட செய்தித்தாளைக் கொடுத்தார்கள். வாக்குப்பதிவு கூடியது, ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குறைந்தது, நன்றாகச் செயல்பட்டவர்களுக்கு ஓட்டு ஏறியது. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால் எனக்கு இரண்டு தெரிகின்றன. டெல்லியில் ஒருவரை மட்டும் தூற்றாமல் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கொடுத்தார்கள். பிரேசில் வானொலியில் செய்தி ஊருக்கே ஒரே நேரத்தில் போனது. தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் தெரியும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. கதவுக்கு அடியில் தள்ளிய துண்டறிக்கைக்கு அந்தப் பலம் வராது.

இந்தியாவில் பலத்த எதிர்வாதம் ஒன்று எழும்: இங்கே வாக்காளருக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் போடுகிறார். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களிலிருந்து எடுத்த கணக்குப்படி, தங்கள் மேல் குற்ற வழக்கு இருப்பதாக அறிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009இல் 30 சதவீதம், 2014இல் 34, 2019இல் 43, 2024இல் 46. அரசியல் ஆய்வாளர் மிலன் வைஷ்ணவ் 2004 முதல் 2014 வரையிலான மூன்று மக்களவைத் தேர்தல்களை அலசியபோது, வழக்கு உள்ள வேட்பாளர்களில் 18 சதவீதம் பேர் வென்றிருந்தார்கள், இல்லாதவர்களில் 6 சதவீதம். இதில் ஒரு பகுதி கணக்கின் மாயம்: வழக்கே இல்லாமல் நின்று டெபாசிட் இழக்கும் சுயேச்சைகள் ஏராளம். மீதிக்கு வைஷ்ணவ் சொல்லும் காரணத்தை மதிக்கிறேன். போலீஸ் நிலையத்தில் புகார் எடுக்காத, பட்டா மாறுதலுக்கு நடையாய் நடக்கவிடும் ஊரில், அதட்டிக் காரியம் முடித்துக்கொடுப்பவரைத் தங்கள் பாதுகாவலராக மக்கள் தேர்கிறார்கள். அது அறியாமை அல்ல, பிழைப்புக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு பலிக்கிறதா? வழக்கு உள்ளவர் மயிரிழையில் வென்ற தொகுதிகளையும் மயிரிழையில் தோற்ற தொகுதிகளையும் எடுத்து, செயற்கைக்கோள் படங்களில் இரவு வெளிச்சத்தின் வளர்ச்சியை ஒப்பிட்டிருக்கிறார்கள். வழக்கு உள்ளவர் வென்ற இடங்களில் வெளிச்சம் மெதுவாக வளர்ந்தது. பணமோசடி வழக்குகளும் கடும் குற்றச்சாட்டுகளும் இருந்த இடத்தில் இன்னும் மெதுவாக. இந்த விளைவு வளர்ச்சி குன்றிய, ஊழல் மிகுந்த மாநிலங்களில்தான் குவிந்திருக்கிறது. அதாவது, பாதுகாவலர் மிகவும் தேவைப்பட்ட இடத்தில்தான் அவரால் இழப்பும் மிகுதி.

வழக்கு என்றால் குற்றம் ஆகிவிடுமா, பொய் வழக்கு போடுவது ஆளுங்கட்சிக்குக் கைவந்த கலை ஆயிற்றே என்று கேட்பது நியாயம். அதனால்தான் எண்ணிக்கையோடு நிற்காமல் படிவம் 26ஐத் திறந்து பார்க்க வேண்டும். வேட்பு மனுவோடு தரப்படும் பிரமாணப் பத்திரம் அது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால் வந்தது. தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் தேர்தல் ஆணைய இணையதளத்திலும் இருக்கும். எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப்பிரிவு, குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா, எந்தத் தேதியில் என்று கட்டம் கட்டமாக ஓடும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறியலோ தடையை மீறிய ஊர்வலமோதான்; அது போராடியவரின் அடையாளம்கூட. 302, 307, 420, அதாவது கொலை, கொலை முயற்சி, மோசடி என்றால் வேறு சங்கதி. அதற்கு அடுத்த பக்கங்களில் தாம், துணைவர், சார்ந்திருப்போர் என்று தனித்தனிப் பத்தியில் சொத்தும் கடனும், ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கும். ஒரே ஆளின் இரண்டு தேர்தல் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதவிக்காலத்தில் என்ன ஏறியது என்று தெரியும். ஆய்வாளர் ரேமண்ட் ஃபிஸ்மனும் சகாக்களும் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். வென்றவர்களின் சொத்து, தோற்று மறுபடி நின்றவர்களின் சொத்தைவிட ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்தது. அமைச்சரானவர்களுக்கு அந்தக் கூடுதல் இன்னும் பெரிதாக இருந்தது.

இந்தப் பத்திரத்தின் பெரிய ஓட்டை, அதில் எழுதியது உண்மையா என்று வாக்குப்பதிவுக்கு முன் யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பது. பொய்த் தகவலுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. தேர்தலுக்குள் சரிபார்க்கும் கை இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றம், வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்பதற்குக் கட்சிகள் காரணம் வெளியிட வேண்டும், ஜெயிக்கக்கூடியவர் என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்றது. கட்சிகள் மக்கள் செல்வாக்கு உள்ளவர், வழக்கெல்லாம் அரசியல் பழிவாங்கல் என்று அச்சுப் பிசகாமல் ஒரே வாசகத்தைப் பல பேருக்கும் எழுதின. என் வாதம் இதுதான்: ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்களில் சிலரை எல்லோர் முன்னிலையிலும் குலுக்கிப் போட்டு எடுத்து, அவர்கள் பத்திரத்தைத் தணிக்கையாளர்கள் வரி வரியாகச் சரிபார்த்து, வாக்குப்பதிவுக்கு முன் அனைவருக்கும் சொல்ல வேண்டும். எல்லாரையும் சரிபார்க்க நாள் போதாது. யார் பெயர் வரும் என்று தெரியாமல் இருப்பதே எழுதும் கையைக் கட்டுப்படுத்தும்.

கடைசியாக வரும் மறுப்புதான் எனக்குக் கனமானது. பழைய கணக்கைப் பார்த்துத்தான் நம்புவோம் என்றால் பழைய கணக்கே இல்லாதவர் என்ன செய்வார்? பதவி எட்டாத சாதிகளும் பெண்களும் என்றைக்கு நம்பிக்கை பெறுவார்கள்? மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டக் கிராமங்களில் லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு பேச்சைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். ஊர்க்காரர் ஒருவரின் புகாருக்கு ஊராட்சித் தலைவர், பொதுவேலைக்கு எல்லாரும் பணமும் உழைப்பும் தர வேண்டும் என்று பதில் சொல்கிறார். வாசகம் ஒன்றே. சிலருக்கு ஆண் குரலில், சிலருக்குப் பெண் குரலில். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரல் கேட்ட ஆண்கள் அந்தத் தலைவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். அது காதால் கேட்ட முகராசி. இடஒதுக்கீட்டால் பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கவனிக்க வேண்டிய விஷயம், தலைவர் ஆணாக இருப்பதுதான் பிடிக்கும் என்று சொன்ன ஆண்கள் அந்த ஊர்களிலும் அப்படியேதான் சொன்னார்கள். பிடித்தம் அசையவில்லை, பெண்ணால் முடியுமா என்பது பற்றிய கணிப்பு மட்டும், பார்த்த வேலைக்குத் தக்கபடி மாறியது. முதல்முறை வந்த பெண் தலைவர்களுக்கு அதன் பலன் கிட்டவில்லை. குடிநீருக்கு அதிகம் செலவிட்டும் ஊர் அவர்களைக் குறைவாகத்தான் மதித்தது. அடுத்தடுத்து இரண்டு தடவை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊராட்சிகளில், 2008இல் ஒதுக்கீடு இல்லாமல் பொதுவாகத் தேர்தல் நடந்தபோது, மற்ற ஊராட்சிகளைவிட அதிகமான பெண்கள் மனுத்தாக்கல் செய்தார்கள், அதிகமான பெண்கள் வென்றார்கள்.